எந்தத் தாவர வைரஸை எடுப்பது, அதை எப்படி மாற்றுவது?

தாவர வைரஸ் துகள்களை நானோ தொழில்நுட்பத்துக்குப் பயன்படுத்தலாம் என்ற யோசனையோடு வரும் வேதியியல், பொருளறிவியல் மாணவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "இருப்பதிலேயே நல்ல வைரஸ் எது?" என்பதைத்தான். அதற்கு நேரான பதில் கிடையாது. முதலில் முடிவு செய்ய வேண்டியது, ஏற்றப்போகும் சரக்கு துகளின் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பது. சரக்கு மருந்தாக இருக்கலாம், உலோகமாக இருக்கலாம், சாயமாகவோ நொதியாகவோகூட இருக்கலாம். அது வெளித்தோலில் ஒட்ட வேண்டுமா, உள்ளே அடைபட வேண்டுமா? இது தெளிவானால் போட்டியில் இருக்கும் வைரஸ்களில் பாதி தானாகக் கழன்றுவிடும்.

அப்புறம்தான் இரண்டாவது கேள்வி வரும். வைரஸின் மரபணுவில் கை வைப்பதா, அல்லது விளைந்த துகளை எடுத்துச் சுத்தம் செய்து அதன்மேல் வேதிவினையால் ஒட்டுவதா? என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: புதிதாகத் தொடங்கும் ஆய்வகம் வேதிவினையில் ஆரம்பிக்கட்டும். அது போதாது என்று கண்ணால் பார்த்த பிறகு மரபணுவைத் தொடலாம்.

இத்தனை சிரமப்பட்டு ஏன் வைரஸைத் தேட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி. தங்கத்திலோ பாலிமரிலோ செய்யும் நானோத் துகள்கள் ஒன்றுக்கொன்று அளவில் கொஞ்சமாவது வேறுபடும். வைரஸ் துகள்களில் ஒவ்வொன்றும் அதே எண்ணிக்கையிலான புரதங்களால், அதே ஒழுங்கில் கட்டப்பட்டது. எந்த அமினோ அமிலம் எங்கே இருக்கிறது என்ற வரைபடமும் படிகவியல் வழியாகக் கையில் இருக்கிறது. தாவர வைரஸ் மனிதரைத் தொற்றாது, இலையிலேயே விளைகிறது.

கோல் வடிவம்: டிஎம்வி

புகையிலைத் தேமல் வைரஸ், அதாவது டிஎம்வி, இந்தத் துறையின் மூத்த பிள்ளை. வைரஸ் என்ற ஒன்று இருப்பதே இதை வைத்துத்தான் தெரியவந்தது. 1892இல் இவனோவ்ஸ்கியும் 1898இல் பெய்ஜெரிங்கும் செய்த வடிகட்டல் சோதனைகள், 1935இல் வென்டெல் ஸ்டான்லி இதைப் படிகமாக்கியது, அதற்கு 1946இல் கிடைத்த நோபல் பரிசு எல்லாம் பாடப்புத்தகத்தில் வரும். நானோ வேலைக்கு முக்கியமானது 1955இல் ஃப்ரேங்கல்-கான்ராட்டும் ராப்லி வில்லியம்ஸும் காட்டியது. டிஎம்வியின் புரதத்தையும் ஆர்என்ஏவையும் தனித்தனியாகப் பிரித்து, மறுபடி ஒரே குழாயில் கலந்தால், தொற்றும் திறனுள்ள கோல்கள் தாமாகவே கட்டிக்கொண்டன.

அந்தக் கோல் 300 நானோமீட்டர் நீளம், 18 நானோமீட்டர் விட்டம். நடுவே 4 நானோமீட்டர் துளை. 158 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே உறைப் புரதத்தின் 2130 பிரதிகள், சுமார் 6400 எழுத்து நீளமுள்ள ஆர்என்ஏவைச் சுற்றிச் சுருள் படிக்கட்டு போல ஏறுகின்றன. கோலின் நீளத்தைத் தீர்மானிப்பது ஆர்என்ஏவின் நீளம். கட்டுமானம் தொடங்கும் குறியீட்டுப் பகுதியை மட்டும் விட்டுவைத்துக் குட்டையான ஆர்என்ஏ கொடுத்தால் குட்டைக் கோல் கிடைக்கும். ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா வெகேயின் குழு இந்த வழியில் வளைந்த பூமராங் வடிவக் கோல்களைக்கூடச் செய்திருக்கிறது.

இதில் புதியவர்கள் விழும் ஒரு குழி உண்டு. புரதத்தில் எதையாவது ஒட்டுவது என்றாலே லைசின் என்ற அமினோ அமிலத்தோடு வினைபுரியும் என்எச்எஸ் எஸ்டர் வகைச் சாயத்தை வாங்கி ஒட்டுவது வழக்கம். இயற்கையான டிஎம்வியில் அது சரிவர நடக்காது. லைசின்கள் வினைக்கு வசதியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. வெளிப்புறத்தில் கைக்கு எட்டுவது 139ஆவது இடத்தில் உள்ள டைரோசின். டயசோனியம் உப்பால் அதைப் பிடிக்கலாம் என்று 2005இல் பெர்க்லியில் மேத்யூ ஃபிரான்சிஸின் குழு காட்டியது. உள்துளையின் சுவரில் 97, 106 ஆகிய இடங்களில் குளூட்டமிக் அமிலம் இருக்கிறது. அங்கே கார்போடைஇமைடு என்ற இணைப்பு வேதிப்பொருள் வழியாக ஒட்டலாம். வெளியே ஒரு வேதியியல், உள்ளே இன்னொரு வேதியியல், ஒன்றோடொன்று மோதாது. வேறு பல துகள்களில் இந்தப் பிரிவினையை மெனக்கெட்டு உருவாக்க வேண்டும். இங்கே அது பிறவியிலேயே இருக்கிறது.

உலோக வேலைக்கு டிஎம்வியை விட்டால் ஆள் இல்லை என்றே சொல்வேன். 2003இல் மாட்டோ க்னெஸ் முதலியோர் அந்த 4 நானோமீட்டர் துளைக்குள் நிக்கலும் கோபால்ட்டும் படியவைத்து, சுமார் 3 நானோமீட்டர் தடிமனில் கம்பிகள் செய்தார்கள். 2006இல் பிளாட்டினம் துகள்கள் ஒட்டிய டிஎம்வியை வைத்து ஒரு நினைவகச் சாதனமே செய்து காட்டப்பட்டது. மேரிலாந்தில் ஜேம்ஸ் கல்வரின் குழு உறைப் புரதத்தில் ஒரேயொரு சிஸ்டீனைச் சேர்த்தது. சிஸ்டீனுக்குத் தங்கத்தின்மேல் பிடிப்பு அதிகம் என்பதால் கோல்கள் தங்கப் பரப்பில் செங்குத்தாக நின்றன. அதன்மேல் நிக்கல் பூசி, பரப்பளவு மிகுந்த பேட்டரி மின்முனை செய்ததை 2008இல் வெளியிட்டார்கள்.

விளைச்சலும் தாராளம்: ஒரு கிலோ புகையிலை இலையில் ஒரு கிராமுக்கு மேல் கிடைக்கும். குறை என்னவென்றால் இது தொட்டாலே பரவும். பூச்சி தேவையில்லை, கையும் கத்தரியும் போதும். தக்காளி, மிளகாய்ச் செடிகளையும் தாக்கும், காய்ந்த இலையில் பல ஆண்டு உயிர்ப்போடு கிடக்கும். பக்கத்து அறையில் தக்காளி ஆராய்ச்சி நடக்கிறது என்றால் இரண்டு முறை யோசியுங்கள். (நாற்றங்கால்களில் கொழுப்பு நீக்கிய பாலில் கையை நனைத்துக்கொள்வார்கள். கேட்க வேடிக்கையாக இருந்தாலும் பால் புரதம் டிஎம்வி பரவலைத் தடுக்கும் என்பது உண்மை.)

பந்து வடிவம்: இரண்டு தட்டைப்பயறு வைரஸ்கள்

தட்டைப்பயறு, நம் ஊரில் காராமணி என்றும் சொல்வார்கள், நானோ உலகத்துக்கு இரண்டு பந்துகளைக் கொடுத்திருக்கிறது. இரண்டும் கிட்டத்தட்ட 30 நானோமீட்டர், இரண்டும் ஒரே செடியில் விளைபவை. பெயரும் அளவும் ஒத்துப்போவதால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று போதும் என்று நினைத்துவிடக் கூடாது. குணத்தில் இவை எதிரெதிர்.

முதலாவது சிபிஎம்வி, தட்டைப்பயறுத் தேமல் வைரஸ். பெரிய புரதம் ஒன்று, சிறிய புரதம் ஒன்று, ஒவ்வொன்றிலும் 60 பிரதிகள். முரட்டுத் துகள்: 60 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரம் தாங்கும், அமிலம், காரம் இரண்டிலும் பரந்த எல்லைக்குள் குலையாது, கரைசலில் பாதிவரை டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற கரிமக் கரைப்பான் இருந்தாலும் சமாளிக்கும். கரிம வேதியியல் படித்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி, ஏனென்றால் ஒட்ட வேண்டிய மூலக்கூறுகளில் பல வெறும் தண்ணீரில் கரையாது. வெளிப்பரப்பில் 300 லைசின்கள் உண்டு. என்எச்எஸ் எஸ்டர் இங்கே நேரடியாக வேலை செய்யும்.

கலிஃபோர்னியாவின் ஸ்க்ரிப்ஸ் ஆய்வகத்தில் ஜான் ஜான்சன், எம். ஜி. ஃபின் ஆகியோரின் குழுக்கள் இந்தத் துகளை ஒரு வேதிப்பொருள் போலவே நடத்தின. 2003இல், இரண்டு மூலக்கூறுகளைச் சட்டென இணைக்கும், தாமிரம் ஊக்கும் 'கிளிக்' வினையை ஃபின்னும் ஷார்ப்லெஸ்ஸும் உயிர்ப்பொருளில் செய்து காட்டியபோது எடுத்துக்கொண்ட பொருள் சிபிஎம்விதான். கிளிக் வேதியியலுக்காக 2022இல் ஷார்ப்லெஸ் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்தக் கதையில் ஒரு காராமணி வைரஸுக்கும் சின்னப் பாத்திரம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

இன்று சிபிஎம்விக்கு வந்திருக்கும் பெயர் வேறு காரணத்தால். 2016இல் நிக்கோல் ஸ்டைன்மெட்ஸ், ஸ்டீவன் ஃபியரிங் குழுக்கள், ஆர்என்ஏ இல்லாத வெற்று சிபிஎம்வி துகள்களை எலிகளின் நுரையீரலுக்குள் செலுத்தின. அங்கிருந்த மெலனோமா புற்றுக்கட்டிகளுக்கு எதிராக எலியின் நோயெதிர்ப்பு மண்டலம் கிளம்பியது. துகளில் எந்த மருந்தும் ஏற்றவில்லை, துகளே மருந்து. அதன்பின் புற்றுநோய் வந்த வளர்ப்பு நாய்களிலும் முயன்றிருக்கிறார்கள். உள்ளே ஆர்என்ஏ உள்ள துகள் வெற்றுத் துகளைவிட வலுவாகத் தூண்டுகிறது என்பதும் பின்னால் தெரிந்தது. ஆக மருத்துவத்துக்காக எடுக்கிறீர்கள் என்றால் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும்: உடலின் எதிர்ப்பை எழுப்புவதுதான் உங்கள் நோக்கமா? ஆம் என்றால் சிபிஎம்வி. மருந்து ஓசைப்படாமல் போய்ச் சேர வேண்டும் என்றால் அதே குணம் தலைவலி; மேலே பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பாலிமரால் போர்த்த வேண்டி வரும், போர்த்தினாலும் முழுக்க அடங்காது.

வெற்றுத் துகள் வேண்டுவோருக்கு இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்தில் ஜார்ஜ் லோமோனொசாஃப் குழு உருவாக்கிய முறை இருக்கிறது. உறைப் புரத மரபணுவையும் அதை வெட்டும் நொதியின் மரபணுவையும் இலைக்குள் கொடுத்தால் ஆர்என்ஏ இல்லாத கூடுகள் கட்டிக்கொள்ளும். தொற்றாது, உள்ளேயும் இடம் காலி.

இரண்டாவது சிசிஎம்வி, தட்டைப்பயறு வெளிர்புள்ளி வைரஸ். ஒரே புரதத்தின் 180 பிரதிகள், 28 நானோமீட்டர் பந்து. இது முரடு இல்லை, ஆனால் சொன்னபடி கேட்கும். பிஎச் 5 அளவில் இறுக்கமாக மூடியிருக்கும். கால்சியம் போன்ற அயனிகளை எடுத்துவிட்டு பிஎச்சை 6.5க்கு மேல் கொண்டுபோனால் துகள் சுமார் பத்து சதவீதம் உப்பி, சுவரில் 2 நானோமீட்டர் துளைகள் திறக்கும். 7.5க்குக் கொண்டுபோய் உப்பையும் கூட்டினால் புரதங்கள் பிரிந்து போகும். திரும்ப அமிலப் பக்கம் கொண்டுவந்தால் மறுபடி பந்தாகும். 1998இல் ட்ரெவர் டக்ளஸும் மார்க் யங்கும் இந்தக் கதவைப் பயன்படுத்தி உள்ளே டங்ஸ்டன் ஆக்சைடு கூட்டுகளைப் படிகமாக வளர்த்தார்கள். உட்புறப் புரதவாலில் இருந்த நேர்மின் அமினோ அமிலங்களை எதிர்மின் அமினோ அமிலங்களாக மாற்றியபோது இரும்பு ஆக்சைடும் உள்ளே படிந்தது. 2007இல் நெதர்லாந்துக் குழு ஒன்று ஒற்றை நொதி மூலக்கூறை இதற்குள் அடைத்து, அது வேலை செய்வதைப் பார்த்தது.

எதையாவது உள்ளே அடைக்க வேண்டும், அடைத்ததன் நடத்தையைப் படிக்க வேண்டும் என்றால் சிசிஎம்வியை எடுங்கள். இரத்தத்தில் செலுத்தும் எண்ணம் இருந்தால் வேண்டாம். இரத்தத்தின் பிஎச் 7.4, இந்தத் துகளுக்கு அது கதவைத் திறந்து வைக்கும் எல்லை. எதிர்ப்பைத் தூண்டும் விஷயத்திலும் இரண்டும் ஒன்றில்லை. சிபிஎம்வியையும் சிசிஎம்வியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வில், செல்கள் இரண்டையும் ஒரே மாதிரி விழுங்கினாலும் கட்டிக்கு எதிரான பலன் சிபிஎம்வியில்தான் கிடைத்தது. அளவையும் வடிவத்தையும் மட்டும் வைத்துத் துகளைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நூல் போன்றதும், பாக்டீரியாவில் விளைவதும்

உருளைக்கிழங்கு எக்ஸ் வைரஸ், பிவிஎக்ஸ், வளையும் நூல்: 515 நானோமீட்டர் நீளம், 13 நானோமீட்டர் தடிமன். முழுப் புரதம் ஒன்றையே வெளியே தொங்கவிட வேண்டும் என்ற ஒரு தேவைக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. 1996இல் ஸ்காட்லாந்தில் பச்சை ஒளிர் புரதத்தையே இதன்மேல் போர்வையாக ஏற்றினார்கள். நடுவே வைத்த 2ஏ என்ற சிறு பெப்டைடால் உறைப் புரதங்களில் ஒரு பகுதி மட்டும் ஒளிர் புரதத்தோடு வரும், மீதி வெறுமனே வரும். இந்தக் கலப்பால்தான் இடநெருக்கடி இல்லாமல் துகள் கட்டப்படுகிறது. கட்டிக்குள் ஊடுருவுவதிலும் இந்த நூல் சிபிஎம்வி பந்தை முந்துகிறது என்று எலிச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் விளைச்சல் குறைவு, நூல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், சுத்தம் செய்வது எரிச்சலான வேலை. முதல் வைரஸாக யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

செடி வளர்க்க இடமே இல்லாதவர்களுக்கு நம் பக்கத்திலேயே ஒரு வழி இருக்கிறது: பைசாலிஸ் மாட்டில் வைரஸ். பைசாலிஸ் என்பது வயல் வரப்பில் முளைக்கும் சொடக்குத் தக்காளியின் இனம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எச். எஸ். சாவித்ரி, எம். ஆர். என். மூர்த்தி ஆகியோரின் குழுக்கள் பல ஆண்டுகள் இதன் கட்டமைப்பைப் படித்தன. உறைப் புரதத்தை ஈ. கோலை பாக்டீரியாவில் தயாரித்தால், 180 பிரதிகள் சேர்ந்து சுமார் 30 நானோமீட்டர் கூடாகத் தாமே கட்டிக்கொள்ளும். வெளியே லைசின், உள்ளே சிஸ்டீன் என்ற வசதியான பிரிவினையும் இதில் இருப்பதால், 2017இல் திருப்பதியின் ஹேமா மாசரபுவும் ஸ்டைன்மெட்ஸும் இதில் சாயங்களையும் மருந்தையும் ஏற்றிக் காட்டினார்கள். பாக்டீரியாவில் விளைவதால் நச்சு எண்டோடாக்சின் ஒட்டிக்கொண்டு வரும், மருத்துவச் சோதனைக்கு முன் அதை நீக்க வேண்டும். இலையில் விளைவதில் அந்தத் தொல்லை இல்லை.

வேதிவினையா, மரபணுவா?

மரபணு மாற்றத்தின் கவர்ச்சி அதன் துல்லியம். ஒரு பெப்டைடின் குறியீட்டை உறைப் புரத மரபணுவில் சேர்த்தால், டிஎம்வியில் 2130 இடத்திலும் அதே கோணத்தில் அது வந்து நிற்கும். வேதிவினை ஒருபோதும் இதைத் தராது. அது தருவது சராசரி. சிபிஎம்வியின் 300 லைசின்களும் ஒரே வேகத்தில் வினைபுரிவதில்லை. ஒரு துகளில் நூறு சாயம் ஒட்டியிருக்கிறது என்று கணக்கு வந்தால், சிலவற்றில் குறைவாகவும் சிலவற்றில் கூடுதலாகவும் இருக்கிறது என்று பொருள். கூடுதலாக ஒட்டினால் நல்லது என்றும் இல்லை. சாயங்கள் நெருங்கி நின்றால் ஒன்றின் ஒளியை ஒன்று அணைத்துவிடும்.

அப்படியானால் மரபணுவே மேல் என்று தோன்றும். சிக்கல், வைரஸுக்கும் அதில் ஒரு கருத்து இருக்கிறது என்பதுதான். செருகும் பெப்டைடு நீண்டுவிட்டால் துகள் கட்டப்படாது. நீளம் சரியாக இருந்தாலும் மின்னூட்டம் ஒத்துவராவிட்டால் செடியில் பரவாது, சில வேளை இலை கருகிப் புள்ளி விழுவதோடு கதை முடியும். எல்லாம் சரியாகி நன்றாகப் பரவினாலும், செடியிலிருந்து செடிக்கு மாற்றும்போது சேர்த்த துண்டை வைரஸ் மெல்ல உதிர்த்துவிடும், ஏனென்றால் சுமை இல்லாத பிரதி வேகமாகப் பெருகும். ஆகவே ஒவ்வொரு முறையும் தொற்றிய இலைச்சாற்றிலிருந்து தொடங்காமல், பாதுகாத்து வைத்த டிஎன்ஏ நகலிலிருந்து தொடங்க வேண்டும். விளைந்ததின் ஆர்என்ஏவைப் படித்தும் பார்க்க வேண்டும். டிஎம்வியில் இதற்கு ஒரு சமரசம் உண்டு. உறைப் புரத முடிவில் 'கசியும்' நிறுத்தக் குறியை, அதாவது புரதத் தயாரிப்பு சில வேளை நிற்காமல் தாண்டிப் போகும் குறியை, வைத்தால், ஏறத்தாழ 5 சதவீதப் புரதம் மட்டும் கூடுதல் பெப்டைடோடு வரும். மலேரியா ஒட்டுண்ணியின் துண்டுகளை 1995இல் இப்படித்தான் ஏற்றினார்கள்.

வேதிவினையில் தவறினால் ஒரு வாரம் போகும். மரபணுவில் தவறினால் குளோனிங், தொற்றவைத்தல், இரண்டு மூன்று வாரக் காத்திருப்பு, சுத்திகரிப்பு என்று பருவமே போய்விடும். நான் வேதிவினையை முதலில் சொல்வதற்கு இதுதான் பிரதான காரணம்.

நடைமுறையில் நன்றாக ஓடுவது இரண்டின் கலவை. மரபணுவில் ஒரேயொரு அமினோ அமிலத்தை மட்டும் மாற்றி, வெளியே ஒரு லைசினோ சிஸ்டீனோ வைத்துவிடுவது. மீதி வேலையை வேதிவினையிடம் விடுவது. இவ்வளவு சின்ன மாற்றத்தை வைரஸ் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். மேரிலாந்தின் சிஸ்டீன் டிஎம்வி இந்த வகைதான். இத்தகைய மாற்றம் கொண்ட வைரஸை ஏற்கெனவே வைத்திருக்கும் குழுவிடம் கேட்டு வாங்க முடிந்தால் பாதி வேலை மிச்சம்.

எந்த வழியில் போனாலும் சோதிக்காமல் நம்பக் கூடாத ஒன்று உண்டு: மாற்றத்துக்குப் பிறகும் துகள் துகளாகவே இருக்கிறதா? புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் பட்டை மேலேறியிருப்பது புரதத்தில் ஏதோ ஒட்டியதை மட்டுமே சொல்லும். யுரேனைல் அசிட்டேட் சாயமிட்ட மின்னணு நுண்ணோக்கிப் படமும், அளவுவாரிப் பிரிக்கும் நிரலில் பழைய இடத்திலேயே வரும் முகடும் சேர்ந்தால்தான் நம்பலாம். 260, 280 நானோமீட்டர் அலைநீளங்களில் உள்ள ஒளி உறிஞ்சல் விகிதத்தையும் பாருங்கள். டிஎம்வியில் ஆர்என்ஏ எடையில் 5 சதவீதம்தான் என்பதால் விகிதம் 1.2 அருகே இருக்கும், சிபிஎம்வியில் 1.8 பக்கம். இயற்கைத் துகளை மாற்றிய பிறகு அது சரிந்திருந்தால் கூடு உடைந்து ஆர்என்ஏ வெளியேறியிருக்கலாம்.

கையில் என்ன இருக்கிறது என்பதும் தேர்வை மாற்றும். அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் இல்லாத இடத்தில் பிவிஎக்ஸையோ சிசிஎம்வியையோ தொடாதீர்கள். டிஎம்வியைப் பாலிஎத்திலீன் கிளைக்காலும் உப்பும் சேர்த்து வீழ்படிவாக்கி, சாதாரணக் குளிர் சென்ட்ரிஃபியூஜிலேயே தொடக்கச் சோதனைகளுக்குப் போதுமான சுத்தத்தில் எடுத்துவிடலாம். மருத்துவ நோக்கம் இல்லாத, வேதியியல் பின்னணியுள்ள சிறு ஆய்வகத்துக்கு என் தேர்வு அதனால் டிஎம்வி. மருத்துவம்தான் இலக்கு என்றால் சிபிஎம்வி. பசுங்கூடமே கிடையாது, ஆனால் பாக்டீரியா வளர்க்கும் வசதி உண்டு என்றால் பைசாலிஸ் கூடு.

விவசாயப் பயன்பாட்டை நினைப்பவர்கள் டிஎம்வியின் நெருங்கிய உறவான டிஎம்ஜிஎம்வியையும் (புகையிலை மென்பச்சைத் தேமல் வைரஸ்) பார்க்கலாம். ஃப்ளோரிடாவில் ஒரு முள்களையை அழிக்க அந்த வைரஸையே களைக்கொல்லியாகத் தெளிக்க அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அனுமதித்திருக்கிறது. அதே துகளில் மருந்தேற்றி மண்ணுக்குள் வேர்ப்புழுவரை கொண்டுபோகும் முயற்சியும் நடக்கிறது.

இந்தியாவில் தொடங்குவோர் ஒரு விஷயத்தை முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது. வெளிநாட்டிலிருந்து உயிருள்ள தாவர வைரஸைத் தருவிக்க 2003ஆம் ஆண்டு தாவரத் தடுப்புக்காப்பு ஆணையின் கீழ் அனுமதி வேண்டும். மரபணுவை மாற்றினால் 1989ஆம் ஆண்டு விதிகளின்படி நிறுவன உயிரியல் பாதுகாப்புக் குழுவிடம் போக வேண்டும். பாக்டீரியாவில் உறைப் புரதம் தயாரிப்பதும் அந்த விதிகளுக்குள்தான் வரும், இலை இல்லை என்பதற்காகத் தப்பிவிடாது. உள்ளூரிலேயே கிடைத்த இயற்கையான வைரஸை எடுத்து, சுத்தம் செய்த துகளில் சாயமோ உலோகமோ ஒட்டுவதில் மரபணு மாற்றம் இல்லாததால் அந்தக் கோப்பு தேவைப்படாது. ஆனால் இலைக்கழிவையும் மண்ணையும் ஆட்டோகிளேவ் செய்யாமல் வெளியே கொட்டக் கூடாது, அதிலும் டிஎம்வி விளைந்த தொட்டிகளை.